அக்கா பிடில், நான் செல்லோ

எனக்குச் செல்லோ கிடைத்ததற்குக் காரணம் என் உயரம்தான். ஜொகூர் பாருவில் நாங்கள் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில், இறந்துபோன ஒரு மதர் விட்டுச் சென்ற செல்லோ துணி உறைக்குள் சும்மா கிடந்தது. இசை சொல்லிக்கொடுத்த மதர் ஒருநாள் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கைகளை நீட்டச் சொன்னார். என் கைதான் எல்லாரையும்விட நீளம். "நீ எடுத்துக்கொள்" என்றார். எனக்குச் சங்கீதம் வருமா வராதா என்று யாரும் கேட்கவில்லை. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். அவள் ஏற்கெனவே பிடில் வாசித்துக்கொண்டிருந்தாள். சிங்கப்பூருக்குப் போன அப்பா ஒரு பழைய சாமான் கடையில் பார்த்து அவளுக்கென்று வாங்கி வந்த பிடில் அது. அப்பா ரயில்வேயில் கிராணி, கணக்கெழுதும் வேலை. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. பலகைச் சுவர். ரயில் போகும்போதெல்லாம் மாதா படம் ஆணியில் ஆடும். மூலையில் சாத்தியிருக்கும் செல்லோவின் தடித்த நரம்பு யாரும் தொடாமலே முனகும். முதல் தடவை அதைக் கேட்டபோது அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

பெண்பிள்ளை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் செல்லோவை வைத்துக்கொள்ளக்கூடாது என்பது மடத்துச் சட்டம். கால்கள் இரண்டையும் ஒரே பக்கமாகத் திருப்பி, இடுப்பை முறுக்கிக்கொண்டு வாசிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் முதுகு விண்விண்ணென்று தெறிக்கும். வீட்டில் நான் பாவாடையை அள்ளிச் செருகிக்கொண்டு வசதியாக உட்காருவேன். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து ஜன்னலைச் சாத்துவார்.

"பாக்கிறவங்க என்னடி நெனப்பாங்க?"

"இப்படி உக்காந்தாத்தான்மா சத்தம் ஒழுங்கா வருது."

"சத்தம் வந்து என்ன ஆவப்போவுது? மானம்ல போவுது."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்புறம் அவளே எழுந்து போய்ப் பாதி ஜன்னலைத் திறந்துவிடுவாள். புழுக்கத்தில் நரம்புகள் ஊறித் தளர்ந்துவிடும். மழைக்காலத்தில் செல்லோவின் ஓரங்களில் பசை விட்டுப்போய் வாய் பிளந்துகொள்ளும். ரயில்வே பட்டறையில் இருந்த தச்சர் பசை காய்ச்சி ஒட்டிக் கொடுப்பார். கரையான் ஏறாமல் இருக்க அதைச் செங்கல் மேல் பலகை போட்டு நிறுத்தி வைத்திருந்தோம்.

திருநாள் பூசைகளுக்குக் கோயிலில் வாசிக்கக் கூப்பிட்டால் ரிக்‌ஷாவில் போவோம். ரிக்‌ஷாக்காரர் ஒரு வயதான சீனர். செல்லோவைப் பார்த்ததும் இரண்டு விரல்களைக் காட்டி "துவா ஒராங், துவா ஒராங்" என்பார், இரண்டு ஆள் கணக்கு என்று. அக்கா மலாயில், "இது எங்கள் அத்தை, உடம்பு சரியில்லை, மெல்லப் போங்கள்" என்று முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொல்வாள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். வழியெல்லாம் திரும்பித் திரும்பி "அத்தை சுகமா?" என்று கேட்டுக்கொண்டே இழுப்பார்.

நாங்கள் இருவரும் சேர்ந்து வாசிக்க மதர் ஒரு பாட்டு கொடுத்திருந்தார். மெதுவான பாட்டு. அதன் மெட்டு முழுவதும் பிடிலுக்குத்தான். செல்லோவுக்குக் கீழே நீண்ட நீண்ட சுரங்கள் மட்டும். தனியாக வாசித்தால் பக்கத்து அறையில் யாரோ பீரோவை நகர்த்துவது போல இருக்கும். அக்காவின் பிடில் மேலே சேர்ந்ததும்தான் அது பாட்டாகும்.

"எனக்கு மட்டும் ஏன் இந்த உறுமல்?" என்று ஒருநாள் கோபித்துக்கொண்டேன்.

"நீ உறுமாட்டி நான் தடுமாறிடுவேன் லா" என்றாள் அக்கா. "உன் சத்தத்தைக் கேட்டுத்தான் எண்ணிக்கிட்டே வரேன்."

உண்மைதான். வாசிக்கும்போது அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு எங்கேயோ போய்விடுவாள். ஓரிடத்தில் பிடில் மேலே ஏறி, இறங்க மனமில்லாமல் நிற்கும். அங்கே தாளத்தைவிட ஒரு மூச்சு அதிகமாகவே நின்றுவிடுவாள். நான் வில்லை மெல்ல இழுத்து அவளுக்காகக் காத்திருப்பேன். அப்பா பின்கட்டில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் முடிக்கும்வரை ஒரு பக்கம்கூடத் திருப்ப மாட்டார்.

அக்காவுக்கு இருபது வயதில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. எங்களைப் போலவே வேதக்காரக் குடும்பம். அதிகம் பேசாத ஆள். கல்யாணத்துக்கு முன்பே அம்மா அவரிடம், பிடில் இங்கேயே இருக்கட்டும், குடும்பத்துக்கு ஆகாத பழக்கம் என்று சொல்லிப் பார்த்தார்.

"கொண்டு வரட்டும் அத்தை" என்றார் அத்தான். "சாயங்காலம் தோட்டத்துல என்ன இருக்கு, கொசுதான். நானும் கேக்கிறேன்."

அப்பாவின் ஸ்டேஷனிலிருந்தே ரயில் ஏறிப் போனாள். பிடில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ரயில் நகரும்போது கை காட்டாமல், வலது கையால் காற்றில் வில் இழுப்பது போல இழுத்துக் காட்டினாள்.

அவள் போன பிறகும் நான் அதே நேரத்தில் செல்லோவை எடுத்து உட்கார்ந்தேன். வேறு பாட்டுகளும் தெரியும். ஆனாலும் கை அந்தப் பாட்டுக்குத்தான் போகும். அக்காவின் பிடில் என் தலைக்குள் ஓடும். அவள் நின்று மூச்சு விடும் இடத்தில் நானும் நிற்பேன். வெளியே கேட்பவர்களுக்கு அது வெறும் உறுமல்தான்.

"மேல் பாட்டு இல்லாம என்னம்மா வாசிக்கிற?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"இருக்குப்பா. எனக்குக் கேக்குது."

அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

அக்கா பிள்ளையாண்டிருந்தபோது அப்பாவின் ரயில்வே பாஸில் ஒருமுறை போனேன். லாபீஸில் இறங்கி, தோட்டத்து லாரியில் செம்மண் பாதையில் ஆடி ஆடிப் போய்ச் சேர வேண்டும். கால் நட்டுத் தூக்கிக் கட்டிய வீடு. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி. சாயங்காலம் அக்கா பிடிலை எடுத்தாள். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் ஓடிவந்து வீட்டுக்கு அடியில் குந்திக்கொண்டார்கள். அத்தான் படியில் உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். அவள் எங்கள் பாட்டைத்தான் வாசித்தாள். என் கையில் செல்லோ இல்லை. முழங்காலின் மேல் வில் இழுப்பது போலக் கையை இழுத்துக்கொண்டிருந்தேன்.

வாசித்து முடித்ததும், "தனியா வாசிக்கப் பழகிட்டியா?" என்று கேட்டேன்.

"எங்க பழகினேன்? நீ கீழ இழுத்துக்கிட்டு இருக்கிறதா நெனச்சுக்கிட்டுத்தான் வாசிக்கிறேன்" என்றாள்.

அப்போது அவள் முகம் ஊதி, கால்கள் வீங்கியிருந்தன. பிள்ளையாண்டால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தந்தி அப்பாவின் மேசைக்கே வந்தது. வேலை நேரம் முடியும் முன்பே அப்பா வீட்டுக்கு நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி வந்தார். அம்மா வாசலில் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார். அப்பா வாய் திறப்பதற்கு முன்பே, "பெரியவளா?" என்று கேட்டார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். குழந்தை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸர் தன்னால் ஆனதைச் செய்தார். சிகாமாட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி கிளப்பியபோது நேரம் கடந்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அன்றே தோட்டத்து எல்லையில் அடக்கம் செய்தோம். பெண் குழந்தை. பால்மரம் வெட்டும் ஒரு பெண்ணின் மடியில் இருந்தது. தன் பிள்ளையை ஒரு பக்கமும் இதை ஒரு பக்கமும் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார் அந்தப் பெண். அம்மா கையை நீட்டியபோது, "பசி தாங்காதும்மா இது, ராத்திரிக்கு ரெண்டு தடவ குடுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். அவரும் அழுதுகொண்டிருந்தார்.

குழந்தையை ஜொகூர் பாருவுக்குக் கொண்டுவந்து டின் பாலில் வளர்த்தோம். பாப்பா என்றே கூப்பிட்டோம். இளைத்த உடம்பு, பெரிய கண். அழ ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாது. பாயில் கிடத்திவிட்டு நான் செல்லோ வாசிக்க உட்கார்ந்தால் மட்டும் அடங்கும். கொஞ்சம் தவழ வந்ததும் செல்லோவின் பக்கத்தில் வந்து மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்ளும். அதிர்வு கைக்குள் ஏற ஏற, அது என்னையே வாய் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

அக்காவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாளே அம்மா பேச்சை எடுத்துவிட்டார். பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சின்னவளே, மாப்பிள்ளைக்கு வயசிருக்கு. நாளைக்கு வேற ஒருத்தியக் கட்டினா, வர்றவ இந்தப் புள்ளையப் பாத்துக்குவாளா?"

"தெரியாதும்மா."

"நீ பாத்துக்குவ."

அவ்வளவுதான் பேச்சு. அப்போது எனக்குப் பதினேழு வயது. கல்யாணம் ஆனால் செல்லோ மடத்துக்குத் திரும்பிப் போய்விடும். அத்தானை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் அக்காவின் புருஷன்.

ஆனால் எங்கள் சபைச் சட்டம் குறுக்கே நின்றது. இறந்த மனைவியின் தங்கையைக் கட்டுவதானால் மறைமாவட்ட ஆயரான மேற்றிராணியார் விசேஷ அனுமதி தர வேண்டும். எங்கள் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விளக்கினார். "நான் எழுதிப் போடுறேன். குழந்தையோட நெலமையையும் சொல்றேன். ஆனா பல மாசம் ஆவும், சில சமயம் முடியாதுன்னும் சொல்லிடுவாங்க."

முடியாது என்று சொல்ல வேண்டும் என்றுதான் தினமும் செபமாலையில் வேண்டிக்கொண்டேன். அதற்காக நான் இன்றும் வெட்கப்படவில்லை. அம்மா அக்காவின் சேலைகளை வெயிலில் உலர்த்தி எனக்கென்று மடித்து வைத்தார். அத்தானுக்கு மீன் குழம்பில் புளி தூக்கலாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நான் காதில் வாங்காதவள் போல நின்றுகொண்டிருப்பேன்.

அத்தான் மாதம் ஒருமுறை வருவார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். ஏற்பாடு நடப்பது தெரிந்த பிறகு என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். காப்பி கொடுத்தால் தம்ளரைப் பார்த்து, "வை" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நல்ல மழை. அம்மா சமையலில் இருந்தார், அப்பாவுக்கு டியூட்டி. பாப்பாவைத் தூங்க வைக்க நான் உள்ளறையில் வாசித்துக்கொண்டிருந்தேன். பழக்கம் போல அந்தப் பாட்டு. வாசித்துக்கொண்டே போகும்போது திடீரென்று மேல் பாட்டு கேட்டது. என் தலைக்குள் இல்லை, வெளியே. வராந்தாவிலிருந்து அத்தான் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். ஒரு சுரம் தப்பவில்லை. பிடில் ஏறி நிற்கும் இடத்தில், அக்கா எடுத்துக்கொள்ளும் அதே அதிகப்படி மூச்சையும் எடுத்துக்கொண்டார்.

என் கை நின்றுவிட்டது. அத்தான் கதவண்டை வந்து நின்றார்.

"நிறுத்தாதே" என்றார். "அவ தெனமும் இத வாசிப்பா. இதுக்குக் கீழ இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"அவ சொன்னதில்லையா அத்தான்?"

"தங்கச்சி வாசிக்கிற பாட்டுன்னு சொல்லுவா. நீயும் இதே மெட்டத்தான் வாசிப்பியோன்னு நெனச்சுட்டேன்." பாப்பாவைப் பார்த்தார். "மொதல்லேருந்து வாசி."

முதலிலிருந்து வாசித்தேன். அவர் கதவு நிலையில் சாய்ந்தபடி சீட்டியடித்தார். பாதியில் அந்த நீளமான இடம் வந்தபோது அவரால் மூச்சைப் பிடிக்க முடியவில்லை. சீட்டி உடைந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். அம்மா கரண்டியோடு அறை வாசல்வரை வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். நான் அழவில்லை, வாசித்து முடித்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேச ஆரம்பித்தார். தோட்டத்தில் யானை வந்து மரத்தைச் சாய்த்ததைச் சொன்னார். அக்கா அரிசியில் கல் பொறுக்காமல் சமைத்து இருவரும் அதைத் துப்பித் துப்பிச் சாப்பிட்டதைச் சொன்னார். எனக்குத் தெரியாத அக்கா ஒருத்தி அவரிடம் இருந்தாள். அவருக்குத் தெரியாத சின்ன வயது அக்கா என்னிடம். மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். ஒருநாள் அவராகவே செல்லோவைப் பற்றிக் கேட்டார்.

"இது மடத்துச் சொத்துதானே? கேட்டுப் பாக்கலாம். குடுத்தாங்கன்னா, லாரியில லாலாங் புல்லக் கனமாப் போட்டு மேல வச்சுக் கொண்டுபோலாம். பள்ளத்துல மெதுவா ஓட்டச் சொல்றேன்."

அன்று மாலை செபமாலையில் முடியாது என்று சொல்ல வேண்டும் என நான் வேண்டிக்கொள்ளவில்லை. அனுமதி வர வேண்டும் என்றும் கேட்கவில்லை. அதைக் காதல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. செம்மண் பாதையில் புல்லின் மேல் செல்லோ ஆடி ஆடிப் போவது கண்ணுக்குள் தெரிந்தது, பயமாக இல்லை. அவ்வளவுதான்.

பாப்பாவுக்கு வெயில் காலத்தில் வயிற்றுப்போக்கு கண்டது. முதல் நாள் ஓமத் தண்ணீர் கொடுத்தோம். மறுநாள் கண் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதன் பிறகு அது அழவில்லை. எவ்வளவு அழும் குழந்தை, அழாமல் கிடந்ததுதான் எங்களுக்குப் பயம். மூன்றாம் நாள் பிற்பகல் என் சுண்டுவிரலைப் பிடித்திருந்த அதன் கை மெல்லத் தளர்ந்தது. தூங்குகிறது என்று நினைத்தேன். நர்ஸ் வந்து என் தோளில் கை வைத்த பிறகுதான் தெரிந்தது.

ரயில்வே பட்டறைத் தச்சர் பெட்டி செய்து கொடுத்தார். அத்தான் லாபீஸிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்ததும், அந்தப் பெட்டியைத் தானே கையில் ஏந்திக்கொண்டு கல்லறைவரை நடந்தார். வேறு யாரையும் தூக்க விடவில்லை. மறுநாள் காலை அம்மா பால் புட்டியை எடுத்து வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தார். கொதித்து முடித்து, துடைத்து, கவிழ்த்து வைத்த பிறகு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் சாமியார் குடையைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தோரம் நடந்து வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். உள்ளே வந்து குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"மேற்றிராணியார் அனுமதி குடுத்துட்டாங்க."

ஒரு ரயில் கடந்து போனது. "உக்காருங்க சாமி" என்றார் அப்பா கடைசியாக. அம்மா காப்பி போடப் போனார்.

சேதி தெரிந்து அத்தான் வந்தார். நான் உள்ளறையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் அப்பாவிடம் தணிந்த குரலில் பேசினார்.

"மாமா, புள்ளைக்காகத்தான் நாம எல்லாரும் நெனச்சோம். இப்ப அவள எதுக்குக் கொண்டுபோய்க் காட்டுல வைக்கணும்? சின்னப் பொண்ணு. இங்கயே இருக்கட்டும். நல்லா வாசிக்கிறா, வாசிக்கட்டும்."

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க சொல்றது சரிதான் மாப்பிள்ள" என்றார் அம்மா. மூன்று பேரும் எனக்கு நல்லது செய்வதாக நினைத்தார்கள். நான் செல்லோவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எந்த வார்த்தை என்று தெரியவில்லை. பதினெட்டு வயதுகூட ஆகாத பெண், அக்கா புருஷனிடம், பெற்றவர்கள் முன்னால் எதைச் சொல்லுவாள்?

அவர் கிளம்பும்போது அறை வாசலில் நின்றார். "போய்ட்டு வரேம்மா" என்றார்.

"சரி அத்தான்" என்றேன்.

அதன் பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள். கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். கிராணிமார்களும் தப்பவில்லை. அத்தானும் போனார். அப்பா பாலம் தாண்டிச் சிங்கப்பூர்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். மடத்தில் திருநாளுக்கு ஒத்திகை இருந்ததால் நான் போகவில்லை. அடுத்த வருஷம் திருச்சிப் பக்கம் அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகச் சேதி வந்தது. அம்மா அன்று கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்.

எனக்கும் இரண்டு மூன்று இடத்திலிருந்து கேட்டு வந்தார்கள். ஒன்றும் அமையவில்லை. நானும் அமைய வேண்டும் என்று இருக்கவில்லை. மடத்துப் பள்ளியிலேயே சின்ன வகுப்புகளுக்கு டீச்சர் ஆனேன். செல்லோவும் என்னிடமே இருந்தது.

சில வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, அம்மாவும் நானும் பின்வாசலில் முறத்தை நடுவில் வைத்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம். அம்மா தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு மாப்பிள்ள அப்படிச் சொல்லாம, உன்னக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தா போயிருப்பியாடி?"

"போயிருப்பேம்மா."

அம்மாவின் கை நின்றது. "அப்புறம் ஏன்டி வாயத் தொறக்கல?"

"யாரும் என்னைக் கேக்கலையே."

அம்மா கையிலிருந்த நெத்திலியை முறத்தில் போட்டார். "நான் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு மறுபடியும் ஒரு நெத்திலியை எடுத்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கொடியில் கிடக்கும் துணிகளை எடுக்கச் சொன்னார். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனேன்.